பெரிய வெள்ளிக் கோழி

வெத்தூரியா அக்கா இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். ஓய்வுபெற்ற பிறகு, அரசின் மனநலக் காப்பகங்களைக் கண்காணிக்கும் குழுவில் சேர்ந்தாள். யாருக்கும் கட்டுப்படாத குழு என்று பலகையில் எழுதியிருக்கும். நான் அதன் டிரைவர். எந்தக் காப்பகத்திலும் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மேலாளர்கள் பரப்பி வைக்கும் முட்டைக்கோஸ் சுருளையும் பிளம் சாராயத்தையும் வெட்கமில்லாமல் வெட்டியவன் நான்தான்.

அந்த வசந்தத்தில், கார்பாத்திய மலையடிவாரக் காப்பகத்திலிருந்து ஔரிகா என்ற பெண் கடிதம் எழுதியிருந்தாள். சாயங்காலமானால் கைகளைக் கட்டிலோடு கட்டிவிடுகிறார்களாம். நேரில் பார்த்துப் பதிவு செய்தால்தான் அவளை மீட்க முடியும். பெரிய வெள்ளியன்று போவோம், அன்று எவனும் எதிர்பார்க்க மாட்டான் என்றாள் அக்கா.

போனோம். சாப்பாட்டு அறையில் கோழி சூப். அன்று பாலைக்கூடத் தொடாத ஜனங்கள் நாங்கள். வயதான பெண்கள் தட்டைத் தள்ளிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது, பெரிய வெள்ளியும் அதுவுமா கோழி?" என்று அக்கா சமையல்காரியைக் கேட்டாள்.

"நான் என்னங்க பண்ணட்டும்? செக்கிங் வர்றாங்க, கறி போடுன்னு நேத்தே சொல்லிட்டாங்க. செக்கிங்னா கறிதான், நோன்பெல்லாம் யாரு பாக்குறா?"

படுக்கை அறைக்குப் போனோம். ஔரிகாவின் கட்டிலில் மடிப்புக் கலையாத புது விரிப்பு மட்டும் கிடந்தது.

"நேத்துதான் வேற காப்பகத்துக்கு மாத்தினோம் மேடம். அவங்களேதான் கேட்டாங்க" என்று மேலாளர் சிரித்தார்.

"நாங்க வர்றதை உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க அனுமதிக் கடிதத்துக்கு முத்திரை வைக்கிறதே எங்க துறைதானே, மேடம்."

காப்பகத்தை நடத்துகிற அதே அலுவலகம். முந்தின நாள் அங்கே போய்க் கடிதத்தை நீட்டியவன் நானேதான். இத்தனை வருடமும் அப்படித்தான் நீட்டினேன், ஒருமுறைகூட உறைக்கவில்லை. த்தூ, என்ன பிழைப்பு இது.

அதன்பின் அக்கா முத்திரை வாங்கப் போகவே இல்லை. வாசலில் மல்லுக்கு நின்று ஒவ்வொரு காப்பகமாக நுழைந்தாள். ஏழு வாரம் கழித்து, எல்லையோரக் காப்பகம் ஒன்றில் ஔரிகா கிடைத்தாள். தான் யாரென்று அக்கா சொன்னதும் அவள் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கையைக் காட்டு கண்ணு. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

"நான் யாருக்கும் ஒண்ணும் எழுதலம்மா. போயிடுங்க. நீங்க என்னைத் தேட ஆரம்பிச்சதுலேருந்து காலையும் சேத்துக் கட்டுறாங்க."