கரண்டி தட்டினால் வண்டி கிளம்பும்

அக்காவின் சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் கரண்டி இருக்கும். நீளக் காம்பு, நுனியில் சின்ன வளைவு. செங்கல்பட்டில் வாங்கியது. நியூசிலாந்து வரை போய், ஏரிக்கரைகளில் உப்புமா கிண்டி, ஒரு காலையில் என்னை நடுத்தெருவில் நிறுத்திய கரண்டி. அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிரிப்புக்குப் பின்னாலேயே மாமா வருவார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றுக்குப் படாளம் பக்கத்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டியவர். கண்டக்டர் கிடையாது, விசில் கிடையாது. கடைசியாக ஏறுகிறவர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார், வண்டி நகரும். திரும்பிப் பார்க்கிற வழக்கமே மாமாவுக்கு இல்லை. "தட்டனவன் பொய் சொல்லமாட்டான்" என்பார். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கைகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருப்பார்.

நியூசிலாந்தில் வேலை பார்க்கும் அவர் மகள், எங்கள் மூன்று பேருக்கும் மூன்று வாரத்துக்கு ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். கட்டில், அடுப்பு, குழாய், கழிவறை எல்லாம் உள்ளேயே. நம்மூர் போலவே இடதுபக்க ஓட்டம். ஆனாலும் சாவியைக் கொடுக்கும்போது கறாராகச் சொன்னாள்: "அப்பா, ஓட்டறதுல ஒரே ஒரு தப்பு நடந்தாலும், அப்புறம் மாமாதான் ஓட்டணும்." அவள் மாமா என்றது என்னை. அவள் அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார், முதல் நாள் வேலைக்குப் போகிறவர் போல.

முதல் வளைவிலேயே சமையல் இழுப்பறைகள் அத்தனையும் திறந்துகொண்டு சாம்பார்ப் பொடி மழையாகப் பெய்தது. இரண்டு நாள் ஒருவர் தும்மினால் மற்ற இருவரும் பின்பாட்டு. அக்கா அரிசியை மூன்று தண்ணீரில் களைந்தே தொட்டியைக் காலி செய்தாள். "இன்னா வூடு இது, அரிசி களையத் தண்ணி இல்ல" என்று ஏரியைப் பார்த்துத் திட்டினாள். பின்னால் காயப்போட்ட என் லுங்கி நெடுஞ்சாலையில் கொடியாகப் பறந்தது. முந்திப்போன கார்களெல்லாம் கையசைத்தன. சாயங்காலந்தோறும் மகள் போனில் கேட்பாள்: "எதனா ஆச்சா?" இதெல்லாம் ஓட்டுகிற தப்பில் சேராது என்பது மாமாவின் தீர்ப்பு. "ஒண்ணும் ஆவல" என்போம் மூன்று பேரும் ஒரே குரலில்.

பத்தாம் நாள் காலை, ஒரு ஏரிக்கரை. கழிவுநீரை இறக்கிவிட்டு ரப்பர் குழாயைக் கழுவுவது என் வேலை. நான் குழாயோடு கீழே நிற்க, வண்டிக்குள் அக்கா உப்புமா வழித்த கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினாள். டக், டக். ஸ்டியரிங்கில் தயாராக இருந்த மாமாவின் கால் கீழ்ப்படிந்தது, வண்டி நகர்ந்தது. நான் பின்னால் இருப்பதாக அவரும், முன்னால் இருப்பதாக அவளும் நினைக்க, இருவருக்கும் நடுவே ஒரு திரை.

லுங்கியும் பனியனுமாகக் கொஞ்ச தூரம் ஓடினேன். போன் வண்டியில். அடுத்த வண்டியிலிருந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மா சிரித்து முடித்துவிட்டு ஒரு நாற்காலியும் காப்பியும் கொடுத்தார். வேலிக்கு அப்பால் ஆடுகள் என்னையே பார்த்தன. ஓர் இடத்தில் உட்காராத ஜென்மம் நான். அன்று உட்கார்ந்தேன். பனிமலை ஏரிக்குள் தலைகீழாக நின்றது. நான் அதன் எதிரே குழாயோடு, ஒரு வேலையும் இல்லாமல், அத்தனை சந்தோஷமாக.

அக்கா உப்புமாத் தட்டை நீட்டத் திரையை விலக்கியபோதுதான் அங்கே நான் இல்லை என்பது தெரிந்ததாம். திரும்பி வந்து இறங்கிய மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சாவியை என் கையில் வைத்தார். "தப்பு பண்ணிட்டேன் மச்சான். நீயே ஓட்டு."

அன்று முழுக்க நான்தான் ஓட்டினேன், மோசமாக. பக்கத்தில் அவர் கைகள் முழங்கால்மேல் செத்துக் கிடந்தன. சாயங்காலம் மகள் கேட்டாள்: "எதனா ஆச்சா?" மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கினாள். "ஒண்ணும் ஆவல. உங்க மாமன் கொஞ்ச நேரம் ஏரியப் பாத்துகினு குந்திகினு இருந்தாரு, அவ்ளோதான்."

மறுநாள் காலை அக்கா சாவியை மாமாவிடம் நீட்டினாள். "எடுய்யா. இனிமே தலைய எண்ணிட்டுத்தான் தட்டுவேன்." அன்றிலிருந்து தினமும் கரண்டிதான் எங்கள் விசில்.

இப்போது மாமாவுக்குக் கண் சரியில்லை. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். போன ஞாயிறு மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்பு ஓரம் என் காரை நிறுத்திச் சாப்பிட்டோம். மாமா கடலைப் பார்க்கப் போய் அங்கேயே நின்றுவிட்டார். காற்றில் கூப்பிட்டது கேட்கவில்லை. அக்கா பையிலிருந்து கரண்டியை எடுத்துக் கார்க் கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

திரும்பினார். விறுவிறுவென்று மணலில் நடந்து வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்ததும் நின்றார். அப்புறம் சிரித்தார்.

"சுத்திகினு வாய்யா, அந்தப் பக்கம்" என்றாள் அக்கா.

சுற்றி வந்து உட்கார்ந்து, பின்சீட்டில் ஏறிய அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையை எண்ணினார். ஜன்னல் வழியே கையை விட்டுக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். அதற்காகத்தான் காத்திருந்தேன். வண்டியை எடுத்தேன்.