கிடாருக்குள் போட்ட கட்டு

சித்தப்பாவின் கிடார் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைக் செட் கடையில் தொங்குகிறது என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்ன அன்று, எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரே சந்தோஷம். கிடார் அங்கே இருந்தால் சித்தப்பாவும் பக்கத்தில்தான் எங்காவது இருப்பார் என்பது என் கணக்கு.

பெரியவர்கள் கணக்கு வேறு. இராஜபாளையத்தில் மில் வேலை பார்த்துக்கொண்டே திருவிழாக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவர் சித்தப்பா. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு கச்சேரிக்கென்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர், நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் திரும்பவில்லை. "உசுரு இருக்கிற வரைக்கும் அவன் அதை இன்னொருத்தன் கையில குடுக்க மாட்டான்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவந்தார். சித்திக்குத் தெம்பு வரட்டும் என்று சொன்ன பேச்சுதான். இப்போது அதே பேச்சு அவரைப் பிடித்துக்கொண்டது. கிடார் தம்பியுடையதுதான் என்று உறுதியானால் கருமாதி செய்துவிட வேண்டியதுதான் என்றார். சித்தியின் தாலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அப்பாவும் சித்தியும் கிளம்பினார்கள். வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். கிடாரின் தலையில் பொன்னிறத்தில் ஒரு பேர் உண்டு, முதுகுத் தகட்டில் ஒரு நம்பர் உண்டு. அந்தப் பேரை நான் எழுத்துக் கூட்டிப் படித்த நாளில்தான் அது ஜப்பான் கிடார் என்று சித்தப்பா தெருவெல்லாம் சொன்னார். அது ஜப்பான் பேர்தானா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கடையில் இருந்த கிடாரில் நான் படிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்களுடையது சிவப்பு. இது கறுப்பு. தலையில் பேரைச் சுரண்டியிருந்தார்கள், தகடும் புதிது.

"பெயிண்டு நான் அடிச்சதுதான்" என்றார் கடைக்காரர். "நாலு கை மாறி வந்தது. மொதல்ல யாரு வித்தான்னு தெரியாது. ஒரு இரைச்சல் மட்டும் இருக்கு, என்ன செஞ்சாலும் போகமாட்டேங்குது."

வயரை ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டிக் காட்டினார். ஒரு கம்பியையும் தொடாமலே பெட்டிக்குள் வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம். தினமும் பொழுது சாய எங்கள் வீட்டில் கேட்ட சத்தம். வாசலில் நின்ற சித்தி உள்ளே வந்துவிட்டார்.

"தொறந்து பாருங்க, உள்ள கட்டு போட்டிருக்கும்" என்றேன் நான்.

கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு காந்தச் சுருள் இருக்கும். அது ஒருமுறை வீணாகி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கொடுத்துச் சுற்றி வாங்கினார் சித்தப்பா. இரைச்சல் அன்றிலிருந்துதான். முடிபோன்ற கம்பி அறுந்துவிடக் கூடாதென்று, பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த சித்தி, புண்ணுக்குக் கட்டுவதுபோல் அதன்மேல் பேண்டேஜ் துணியைச் சுற்றி நீல நூலால் தைத்துவிட்டார். "ஏட்டி, இதுக்கு ஊசி எப்பப் போடணும்?" என்று சித்தப்பா கேட்க, சித்தி சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அந்த நூற்கண்டு பிறகும் தீரவில்லை. என் காக்கி டவுசர் கிழிந்தால் நீல நூலில்தான் தைப்பார்.

கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றினார். துணி பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் நீலத் தையல்.

அப்பாவிடம் சித்தி நேரே பேசமாட்டார். புருஷனின் அண்ணன், மூத்தார் என்ற மரியாதை. பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் பேச்சு என் வழியாகத்தான் போய்வரும்.

"இது சித்தி போட்ட கட்டுதானான்னு கேளுலே" என்றார் அப்பா.

சித்தி தையலை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இல்லைன்னு சொல்லுய்யா. நம்ம ஊர்ல இந்தத் துணி கெடக்காத வீடு எது?"

கைவளை என் கையில் பதிந்தது. "சித்தி இல்லைன்னு சொல்றாகப்பா" என்றேன்.

அப்பா கிடாருக்குள் பார்த்தார். பிறகு என் டவுசரையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுக்கு ஒட்டியிருக்கிறதோ என்று தட்டிவிட்டுக்கொண்டேன்.

"அப்பச் சரி. மூடிருங்க" என்றார் கடைக்காரரிடம்.

"நல்லா இறுக்கி மூடுங்கண்ணாச்சி, உள்ள தூசி போயிரும்" என்று சித்தியும் அவரிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா முன்னால் நடந்தார். எனக்கு அழுகை முட்டியது. கண்டுபிடித்தது நான்தானே. "அது என் டவுசர் நூலுதான சித்தி?" என்றேன்.

"ஆமாய்யா."

"பொறவு ஏன் இல்லைன்னீக?"

சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒங்க சித்தப்பா வந்தா மொதல்ல கிடாரு எங்கன்னுதான் கேப்பாரு. கடை எங்க இருக்குன்னு நல்லாப் பாத்து வச்சுக்க. நீதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

அழுகை நின்றுவிட்டது. திரும்பி ஓடி, கடையின் பெயர்ப்பலகையைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு கருமாதிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சித்தி மறுநாள் வழக்கம்போல் பூ வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். நான் அப்பாவிடம் போய், சித்தப்பா வந்தால் காட்டுவதற்குக் கடைக்கு வழி எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

"மறந்துராதலே" என்றார் அப்பா. அதை ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.