காப்பு கட்டிய தீவில் தழை பிடிப்பவர்கள்

சிகரெட்டை விட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தபோது இந்தப் பயணம் போனேன். விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். விட்டுவிட்டுக் கைகளை என்ன செய்வது என்று கேட்டேன். நடங்கள் என்றார். நடந்தேன். எங்கள் பகுதியில் எந்தப் பக்கம் நடந்தாலும் நாற்பதடிக்கு ஒரு பெட்டிக்கடை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பூங்காவனம்தான் வழி சொன்னார். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் குப்பத்தில் பிறந்தவர். "இன்னா சார், மூஞ்சி காஞ்ச கருவாடு மாதிரி கீது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "எங்க ஊர்ல ஆடி மாசம் அம்மனுக்குக் காப்பு கட்டிட்டா திருவிழா முடியிறவரைக்கும் ஒரு ஆம்பளையும் பீடி தொடமாட்டான். தொட்டா அபராதம்."

"எப்படிச் சமாளிக்கிறார்கள்?"

"தழை பிடிப்பாங்க. பீடிக்குத்தானே தடை? தழைக்கு இன்னா?"

விதியை இவ்வளவு மரியாதையாக மீறும் ஊரைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி. பத்து ரூபாய், ஒரு மணி நேரம். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பூநாரைகளைப் படமெடுக்க வருகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் வருவார்கள். ஆடியில் பறவையும் இல்லை, படமெடுப்பவரும் இல்லை. டச்சுக்காரர்களின் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் வருகிறவர்களை எதிர்பார்த்து நின்றுகொண்டிருக்கின்றன.

படித்துறையில் பூங்காவனத்தின் தம்பி தேசப்பன் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. சுற்றுலாப் படகுச் சவாரிக்கு இங்கே அனுமதி கிடையாது. நான் அவர் வீட்டு விருந்தாளியாகப் போனேன். தோணிரேவுக் குப்பம் வலப்பக்கம் ஒதுங்கியது, பசியாவரம் கடந்துபோனது. அதற்கும் அப்பால் இருபது நிமிடம். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். படித்து முடித்தால் ஏன் என்று தெரியும்.

பத்து மணிக்குத் தீவில் இறங்கினேன். தேசப்பனின் மனைவி கன்னியம்மா மோர் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்கும் முன்பே கோயில் முன்னால் தழைக்கூறு ஆரம்பித்துவிட்டது.

இந்த ஊரில் எதையும் கூறு போட்டுத்தான் எடுப்பார்கள். ஏரியில் மீன் கிடைக்கும் நல்ல இடங்களைப் 'பாடு' என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து ஒவ்வொரு நாள். ஒருவருடைய முறை நாளில் இன்னொருவர் வலையோடு அந்தப் பாட்டில் கால் வைத்தால், அவருக்கு அந்த வருஷம் முழுக்க முறை கிடையாது. தவறுதலாக வைத்தாலும் அதேதான். அடிதடி இல்லாமல் இத்தனை தலைமுறை மீன் பிடித்திருக்கிறார்கள் என்றால் இந்தக் கண்டிப்புதான் காரணம். காப்பு நாட்களில் அதே நியாயம் புகைக்கும் பொருந்துகிறது. ஒருவன் மட்டும் நல்ல தழையாகப் பறித்துக்கொள்ளக் கூடாது அல்லவா? ஊரே ஒரு ஆளை அமர்த்திப் பறித்து, காயவைத்து, சமமாகக் கூறு போடுகிறது.

அந்த ஆள் கஜேந்திரன். பொறுப்பு வந்துவிட்ட மனிதருக்குரிய நடை. சிமெண்டுத் தரையில் பதினெட்டுக் குவியல்கள். ஒவ்வொன்றிலும் நொச்சி, துத்தி, ஆடாதொடை. எனக்கு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொடுத்து, காய்ந்த பூவரசு இலையில் சுருட்டிக் காட்டினார். துத்தி, பழைய பரீட்சைத் தாள்களை எரித்த மாதிரி. நொச்சி, கொசுவுக்குப் போடும் மூட்டத்தை வாயால் இழுப்பது. ஆடாதொடையின் கசப்பு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரை இறங்கவில்லை. இதில் எதற்கும் யாரும் அடிமையாக முடியாது. அந்த வகையில் ஒழுக்கமான செடிகள்.

கூறு போடும் முறை இது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் அடையாளமாக ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும்: பொத்தான், தூண்டில் முள், நூல்கண்டு. பங்கு இல்லாத ஒருவர், எது யாருடையது என்று தெரியாமல், குவியலுக்கு ஒன்றாக வைக்க வேண்டும். பங்கு இல்லாதவன் நான் ஒருவன்தான். வைத்தேன். கடைசிக் குவியல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது. அதன்மேல் ஒரு நீலப் பொத்தான் விழுந்தது. தேசப்பன் சிரித்தபடி அதை அள்ளித் தன் தகர டப்பாவில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஏரியில் அவர் முறை. சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் பாட்டுக்குப் போனார்.

மத்தியானம் காற்று நின்றது. மேற்கே இருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று யாரோ கதவைச் சாத்தியது போல நின்றுபோயிற்று. ஏரி முழுவதும் ஒரே வெளுப்பு. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நடுவில் தேசப்பனின் படகு, எதன் மேலும் நில்லாமல் தொங்குவது போல இருந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் முதலில் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தோம்.

தேசப்பன் படகில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலை உதட்டில் வைத்து இழுத்தார், ஊதினார், சாம்பலைத் தட்டினார். விரல்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை. புகையும் இல்லை. பிறகு இடப்பக்கம் கையை நீட்டி யாருக்கோ கொடுத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். திரும்ப வாங்கிக்கொண்டார்.

நான் அறிவியல் மனப்பான்மை உள்ளவன். ஆனாலும் அந்தக் காத்திருக்கும் நேரம் சரியாக ஒரு ஆள் ஒரு இழுப்பு இழுக்கும் நேரமாக இருந்ததைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கன்னியம்மா வந்து நின்றார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "இடப்பக்கம் நீட்றாரு" என்றார். "அங்க உக்கார்றது எங்க மாமா."

ஏழுமலை, தேசப்பனின் அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர். உடல் கிடைக்கவில்லை.

கஜேந்திரன் என் பின்னால் நின்றிருந்தார். என் காதருகே குனிந்து சொன்னார். கடைசிக் கூறுக்குத் தழை குறைந்துவிட்டதாம். குறைவாக ஒரு கூறு வைக்கலாமா? நியாயம் இல்லையே. சுடுகாட்டு ஓரம் ஒரு செடி தழைத்திருந்தது, பறித்துக் காயவைத்துச் சமமாக்கிவிட்டார். "மூச்சு இழுப்புக்குப் பிடிப்பாங்கன்னு எங்க நைனா சொல்லும்" என்றார். வெள்ளைப் பூவா, முள்ளுக் காயா என்று கேட்டேன். தலையாட்டினார். ஊமத்தை.

"எல்லாருக்கும் கலந்தீர்களா?"

"இல்ல சார். ஒரு கூறுக்குத்தான். யாருக்குப் போவும்னு எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே வெச்சீங்க?"

அதற்குள் படகில் தேசப்பன் எழுந்துவிட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் அந்தப் பக்க விளிம்பில் காலை வைத்தார். இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். அந்தப் பக்கம் ஓடை. ஆளை மூழ்கடிக்கும் ஆழம், ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் வற்றம் தொடங்கி முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டிருக்கும் நேரம். நீச்சல் தெரிந்தவர்தான். ஆனால் இல்லாத பீடியைப் பிடிக்கிறவருக்கு நீச்சல் நினைவிருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

கரையில் பத்துப் பதினைந்து ஆண்கள். ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. கோழைகள் அல்ல; புயலில் கடலுக்குப் போகிறவர்கள். ஆனால் அது தேசப்பனின் பாடு, தேசப்பனின் நாள். சபையைக் கூட்டலாம் என்றார் ஒருவர். கோயில் மணியை அடிக்கலாமா என்றார் இன்னொருவர்.

"கூட்டுங்க" என்றார் கன்னியம்மா. "பொணம் ஒதுங்குனதும் அதையும் பதினெட்டுக் கூறு போடுங்க."

"இன்னாம்மா இப்டிப் பேசுற? பாட்டுல வேற வலை எறங்கக்கூடாது, உனக்குத் தெரியாதா?"

"என் கைல வலை கீதா? நல்லாப் பாரு. கண்ணு தெரியுதில்ல?" புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், உங்களுக்கு இந்த ஊர்ல பங்கு கீதா?"

"இல்லை."

"அப்போ வாங்க."

நான் வீரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுக்க ஒரு காரணம் தேடினேன். அவர் தண்ணீரில் போய்விட்டார். இறங்கினேன். சேறு முழங்கால் வரை வாங்கியது. அலை இல்லை, சத்தம் இல்லை, எங்கள் மூச்சு மட்டும். அந்த வெளிச்சத்தில் எங்களுக்கு நிழலே விழவில்லை.

படகை நெருங்கியதும் தேசப்பன் எங்களைப் பார்த்தார். கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் குரல் உபசாரக் குரல். "வாங்க சார். அந்தாண்ட உக்காராதீங்க, அண்ணன் கீது." கன்னியம்மாவிடம், "ஓடைல வலை மாட்டிக்கிச்சாம். அண்ணன் எறங்கச் சொல்லுது. ஒரு நிமிசம்."

நான் அவர் காலைப் பிடித்தேன். உதறினார். என்னைவிட இரண்டு மடங்கு வலு. தோள் ஓடைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

கன்னியம்மா கணவரைத் தொடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. படகின் இடப்பக்கத்தில், யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து, மூத்தவர் முன் பேசுகிற தாழ்ந்த குரலில் பேசினார்.

"மாமா. ஊர்ல காப்பு கட்டிக் கீது. உங்க கைல பீடி."

தேசப்பன் நின்றார். மெல்லத் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு அதிர்ச்சி. "அண்ணே, பீடியா அது?" என்றார். "நான் தழைன்னுல்ல நெனச்சேன். தூக்கிப் போடு. யாராச்சும் பாத்தா இன்னா ஆவுறது?"

கன்னியம்மா விடவில்லை. "கரையில எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க மாமா. காப்பு முடியிறவரைக்கும் இங்க இருக்காதீங்க. போய்டுங்க."

அப்போது படகின் அந்த இடப்பக்கம் லேசாக நிமிர்ந்தது. பாரம் இறங்கினால் நிமிருமே, அப்படி. கன்னியம்மா இந்தப் பக்கம் ஏறியதால்தான் என்று முதலில் என் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அவர் அப்போது ஏறியிருக்கவில்லை. தண்ணீரில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தேசப்பன் ஓடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவோ தூரமாகப் போவதைப் பார்ப்பது போல அவர் கண் நகர்ந்தது. பிறகு சிறுபிள்ளை போல மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கரையேறியதும் வேறொரு படகில் பழவேற்காட்டுக்கும், அங்கிருந்து ஆட்டோவில் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கும் கொண்டுபோனோம். ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய். இந்தத் தழை விஷயத்தில் தாமதித்தால் உயிர் போகும் என்றார் பணியிலிருந்த மருத்துவர். மறுநாள் மாலை வரை வைத்திருந்தார்கள். வழியெல்லாம் தேசப்பன் கன்னியம்மாவிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார்: "அண்ணனை யாரும் பாக்கலையே?"

ஊர்ச்சபை கூடிய கதையைப் பூங்காவனம் அடுத்த வாரம் மீன் நறுக்கிக்கொண்டே சொன்னார். மீதித் தழையை யாரும் கொளுத்தவில்லை, குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். கன்னியம்மா கையில் வலை இல்லாததால் குற்றம் இல்லை. எனக்குப் பங்கு இல்லாததால் குற்றம் இல்லை. கஜேந்திரன் இனிமேல் செடி பக்கம் போகக்கூடாது. பாதியில் நின்ற பாட்டுக்குப் பதிலாகத் தேசப்பனுக்கு வேறொரு நாள். கடைசியாக, காப்பு நாளில் பீடி பிடித்ததற்காக ஏழுமலைக்கு அபராதம்: அம்மனுக்கு ஒரு தேங்காய், ஒரு கட்டிக் கற்பூரம். ஊரே கரையில் நின்று பார்த்த விஷயம், சாட்சி தேவைப்படவில்லை. தம்பி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

நான் சிரிக்கத் தயாரானேன். பூங்காவனம் சிரிக்கவில்லை. ஏழுமலை அவருக்கும் அண்ணன் என்பது அப்போதுதான் உறைத்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பொன்னேரியிலிருந்து காலையிலேயே பேருந்து ஏறுங்கள். வெயிலுக்கு முன் ஊரைப் பார்த்துவிடலாம். படகுச் சவாரிக்கு யாராவது ரகசியமாக அழைத்தால் போகாதீர்கள். ஊர் விருந்தாளியாக மட்டும் போகலாம். ஆடியில் போனால் சிகரெட்டைப் பழவேற்காட்டிலேயே விட்டுவிடுங்கள். மூலிகைப் புகை நல்லது என்று கைப்பேசியில் வரும் எதையும் நம்ப வேண்டாம். நொச்சியும் துத்தியும்கூடப் புகையாக உள்ளே போனால் நுரையீரலுக்குப் புகைதான். ஊமத்தையைக் கையால் தொட்டாலும் கழுவிக்கொள்ளுங்கள். விட முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

இன்னொன்று. முறை நாளில் பாட்டில் இருக்கும் படகைக் கரையிலிருந்து வேடிக்கை பார்ப்பது அந்த ஊரில் இப்போது வழக்கம் இல்லை, நீங்களும் பார்க்க வேண்டாம். ஒரே ஒருவர் மட்டும் பார்க்கிறார். தேசப்பனின் முறை வரும் நாளெல்லாம் கன்னியம்மா தண்ணீர் ஓரம் வந்து நின்று, படகில் எத்தனை பேர் என்று எண்ணுகிறாராம். ஒருவர்தான் என்று நிச்சயமான பிறகே உலை வைக்கப் போகிறாராம்.