பதில் சொல்லத் தெரிந்தவள்

நேற்று மதியம் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு. வகுப்பு என்றதும் பெஞ்சு, கரும்பலகை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சமையல் மேடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்ட வகுப்பு. ‘சமூக ஆய்வாளர்களுக்கான தொழில் மேம்பாடும் புதிய சவால்களும்’ என்று தலைப்பு. இப்படிப்பட்ட தலைப்பைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் கலந்துகொள்ளாதவர்களுக்கு அடுத்த ஆய்வில் இடமில்லை என்று முன்கூட்டியே மிரட்டியிருந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதவள், இந்த வயதில் எங்கே போய் என்ன வேலை கேட்பது?

வகுப்பு எடுத்த இளைஞர் இனிமையாகத்தான் பேசினார். இனிமேல் வெயிலில் அலைய வேண்டியதில்லை என்றார். இத்தனை வருடங்களாக நாம் சேர்த்த பதில்களையெல்லாம் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாயிற்றாம். இனி அதுவே மனிதர்களைப் போலப் பதில் சொல்லுமாம். செய்தும் காட்டினார். ‘காஞ்சிபுரம் மாவட்டம், ஏரிக்கரைக் குடியிருப்பு, பழங்குடிப் பெண், வயது நாற்பது’ என்று தட்டிவிட்டு, உங்கள் முக்கியமான பிரச்சினை என்ன என்று கேட்டார். திரையில் வரிவரியாகப் பதில் வந்தது. ‘எங்கள் குடும்பத்தின் வாழ்வாதாரம் கூலி வேலையை மட்டுமே சார்ந்துள்ளது. நிரந்தர வருமானம் கிடையாது. பிள்ளைகளின் உயர்கல்வி கேள்விக்குறியாக உள்ளது.’

‘எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள்’ என்றார் அவர். கூட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. அது பச்சையம்மாவின் பேச்சு. அந்த மாவட்டத்தில் எந்தக் குடிசையிலும் ‘வாழ்வாதாரம்’ என்ற சொல்லைச் சாதாரணமாக வாயில் போட்டு மென்ற இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவள் நான்.

அந்தக் காலத்துப் பயிற்சி என்றால் வேறு மாதிரி. காஞ்சிபுரத்தில் ஏதாவது கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடிப்பார்கள். கீழே முந்தின நாள் கல்யாணத்துச் சாம்பார் வாசனை மிச்சமிருக்கும். போனதும் ஆளுக்கு ஒரு ரெக்சின் பை கொடுப்பார்கள். புது ரெக்சினின் அந்தக் காட்டமான வாசனை எனக்கு இன்றைக்கும் உத்தியோக வாசனை. பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து பெயர் சொல்லிக்கொள்ளும் விளையாட்டு முடிந்து சமோசா சாப்பிட்டபின் பாடம் தொடங்கும். பதில் சொல்கிறவர்கள் தரையில் உட்கார்ந்தால் நீயும் தரையில் உட்கார். கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. முகத்தில் ஆச்சரியம் காட்டாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் செய்து தருவதாக வாக்குக் கொடுக்காதே. இந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் எங்கள் சார் இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் மாதச் சம்பளத்துக்கு நாங்கள் யாருக்கு என்ன செய்து தந்துவிடுவோம் என்று பயந்தாரோ தெரியவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் பிடிப்போம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் மில்களில் நெல் வேகும் புழுங்கல் வாசனை மூக்கில் ஏறும். பசியோடு இருக்கும்போது நன்றாக இருக்கும், டிபன் முடித்திருந்தால் குமட்டும். நாங்கள் எப்போதும் டிபன் முடித்துவிட்டுத்தான் போவோம். அங்கேதான் தப்பு. மானாம்பதி பக்கம் ஓர் ஏரிக்கரையில் இருந்த அந்த இருளர் குடியிருப்புக்கு நாங்கள் போய்ச் சேர பத்து மணியாகிவிடும். விடிவதற்குள் கழனிக்கும் மில்லுக்கும் சூளைக்கும் போய்விட்ட ஜனங்கள் பத்து மணிக்கு எங்கே இருப்பார்கள்? வீடுதோறும் தட்டி சாத்தியிருக்கும். நாய்கூட நிழல் தேடிப் போயிருக்கும்.

பச்சையம்மா மட்டும் இருப்பாள். பல வருடம் அரிசி மில்லில் வேலை செய்து மூச்சிரைப்பு வந்து வீட்டோடு நின்றுபோனவள். “தவுடு நெஞ்சுல பூந்துக்கினு கீது யக்கா, வெளிய வர மாட்டேங்குது” என்பாள், ஏதோ வீட்டுக்குள் பூனை புகுந்துவிட்ட மாதிரி.

வலது கைப் பக்கமாகப் போ, பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ என்பது எங்கள் விதி. அந்த விதி எங்கே சுற்றினாலும் பச்சையம்மா வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். எங்கள் நிறுவனம் மட்டுமல்ல, வேறு யார் வந்தாலும் அவள்தான். குடிதண்ணீர், கழிப்பறை, தடுப்பூசி, தேர்தல், ஒருமுறை புது சோப்பு ஒன்றின் வாசனை பற்றிக்கூட அவள்தான் கருத்துச் சொன்னாள். தலைமை அலுவலகத்தில் எங்களைப் பாராட்டினார்கள். இந்தக் குடியிருப்பின் பதில்களில் முரண்பாடே இல்லையாம். ஒரே வாய் பேசினால் முரண்பாடு எங்கிருந்து வரும்? யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எல்லா அணிகளும் அப்படித்தான் செய்தன.

முதல் தடவை ‘உங்கள் வாழ்வாதாரம் என்ன?’ என்று கேட்டபோது, “அப்டின்னா இன்னா?” என்று கேட்டாள். சோற்றுக்கு என்ன வழி என்று விளக்கினேன். அவ்வளவுதானா என்று சிரித்தாள். பிறகு மில் முதலாளி, அவள் புருஷனின் குடி, ஏரி மீன், மூத்த பிள்ளை ஜுரத்தில் செத்துப்போனது என்று வெகுநேரம் சொன்னாள். எதற்கும் என் தாளில் கட்டம் இல்லை. குறுக்கே குறுக்கே புகுந்து, “அதை விடு பச்சையம்மா, வருமானம் நிரந்தரமா, இல்லையா? அதைச் சொல்லு” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கெட்டிக்காரி. சில வருடத்திலேயே நான் பையைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். “குடும்பத் தலைவி நானு. நிரந்தர வருமானம் கெடையாது. கயிப்பறை கீது, பயன்பாட்டுல இல்ல. எயுதிக்கோ.” நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். எனக்கு உள்ளூரப் பெருமைகூட. எதற்கு இப்படிப் பேசுகிறாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, “நானா பேசினா நீ திருப்பித் திருப்பிக் கேப்ப. இப்டி சொன்னா சீக்கிரம் வுட்டுடுவ. பேஜாரு இல்ல” என்றாள்.

அவள் மகள் ரோஜா பன்னிரண்டாம் வகுப்பு தேறினாள். அந்தக் குடியிருப்பில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. நர்ஸ் படிப்புக்குப் போக ஆசைப்பட்டாள். மதிப்பெண் போதும், ஆனால் சாதிச் சான்று வேண்டும். இருளர் என்று சான்று கிடைத்தால்தான் இடமும் உண்டு, கட்டணச் சலுகையும் உண்டு. அப்பன் பாட்டனுக்குச் சான்று இருந்தால் கொண்டுவா என்றார்கள், சான்று தரும் அலுவலகத்தில். அப்பன் பாட்டன் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர்கள். எத்தனையோ முறை போய்த் திரும்பியிருக்கிறார்கள். சேர்க்கை முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதெல்லாம் எங்கள் கேள்வித்தாளின் கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று ஒன்று இருக்கும். பச்சையம்மா எப்போதும் “ஒண்ணுமில்ல, கெளம்பு” என்பாள். அந்தத் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, நீ எத்தினி தபா வந்து கீற? ஒவ்வொரு தபாவும் இன்னா ஜாதின்னு கேட்ட. இருளருன்னு சொன்னேன். நீயும் எயுதிக்கினு போன. அந்த ஆபீஸ்ல நம்ப மாட்றாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. எம்பொண்ணு படிச்சிடும்.”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இத்தனை ஆய்வுகளில் இத்தனை முறை பதிவு செய்திருக்கிறோமே என்று சாருக்குப் போன் செய்தேன். “பேர், ஊர் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தானேம்மா வெச்சிருக்கோம்? அது அவங்க பாதுகாப்புக்குத்தான். நம்ம டேட்டாவுல பச்சையம்மான்னு ஒருத்தரே கிடையாது” என்றார். அவர் சொன்னதும் சரிதான். பயிற்சியில் நானே புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றைக்கு உறைத்த மாதிரி எப்போதும் உறைத்ததில்லை.

லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். பச்சையம்மா இருப்பதில் நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். ரோஜா மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதிகாரி கெட்டவரும் அல்ல. உட்காரச் சொன்னார். என்ன வேலை செய்கிறீர்கள், எப்படிப் பிழைக்கிறீர்கள், சொல்லம்மா என்று பொறுமையாகத்தான் கேட்டார்.

பச்சையம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் முன்னால் உட்காருவாளே, அதே மாதிரி. “எங்க குடும்பத்தோட வாழ்வாதாரம் கூலி வேலையை மட்டுமே சார்ந்து கீது சார். நிரந்தர வருமானம் கெடையாது. பொண்ணோட உயர்கல்வி கேள்விக்குறியா கீது.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது? இவங்க யாரு, சங்கமா?” நான் சமூக ஆய்வாளர் என்று அடையாள அட்டையை நீட்டினேன். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. அவர் சிரித்தார். “நான் எத்தனையோ இருளரைப் பாத்திருக்கேன். அவங்க வாயே தொறக்க மாட்டாங்க. இந்தம்மா மேடையில பேசற மாதிரி பேசுது. விசாரிக்காம எப்படிக் குடுக்கறது?”

ஏதோ தப்பாகப் போகிறது என்று பச்சையம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “இல்ல சார், நாங்க ஏரியில மீன் புடிப்போம் சார். கழனியில எலி புடிப்போம். எங்க மாமனாரு பாம்பு...” என்று அவசர அவசரமாக அடுக்கினாள். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டே எலி, பாம்பு என்று அவள் சொல்லச் சொல்ல, அதுவும் யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் மாதிரியே ஆகிவிட்டது. ரோஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விசாரணைக்கு ஆள் வந்தார். எத்தனை மணிக்கு என்கிறீர்கள்? பத்து மணிக்கு. அக்கம்பக்கத்தில் சாட்சி சொல்ல ஒருவர் இல்லை. எல்லா வீட்டிலும் தட்டி சாத்தியிருந்தது. பச்சையம்மா மட்டும் இருந்தாள். அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

சேர்க்கை முடிந்தது. மனு நிலுவையில் இருந்தது, இருந்துகொண்டே இருந்தது. ரோஜா, மெயின் ரோட்டில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்டு வேலைக்குப் போனாள். அடுத்த ஆய்வுக்கு நான் போனபோது பச்சையம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நீயே எயுதிக்கோ யக்கா. உனக்குத் தெரியாதது இன்னா கீது” என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். அதற்குப் பின் ஒரு மழைக்காலத்தில் மூச்சுத் திணறிச் செத்துப்போனாள். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் அவர்களுக்கு யார்?

போன மாதம் மறுபடியும் அங்கே போனேன். இப்போது தாள் இல்லை, ரெக்சின் பை இல்லை, கையில் அடங்கும் டேப்லெட். கடைசிக் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். அது வந்தால் நேரம் விரயமாகிறதாம், கணினியால் எண்ண முடியவில்லையாம். குடிசை இருந்த இடத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. இரவு ஷிப்டு முடிந்து வந்த ரோஜா கம்பெனிச் சட்டையோடு கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே தண்ணீர், கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். சாதி என்ன என்ற கேள்வி வந்தது.

“அதை அந்த ஆபீஸ்ல போய்க் கேளுங்க மேடம்” என்றாள். குரல் உயரவில்லை. “எங்கம்மா உங்ககிட்ட எத்தினி வாட்டி சொன்னாங்க? இன்னா ஆச்சு? நாங்க யாருன்னு அவங்கதான் சொல்லணும். எனக்குத் தெரியாது.”

‘ரோஜா, அப்படிச் சொல்லாதேம்மா’ என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். பதில் சொல்கிறவரைத் தூண்டக் கூடாது, அவர் சொன்னதைச் சொன்னபடியே பதிய வேண்டும் என்பது விதி. நாமாக ஒன்றை அழுத்தினால் அது மோசடி. எதையாவது அழுத்தாமல் அந்தக் கருவி அடுத்த கேள்விக்கும் போகாது. பட்டியலின் அடியில் ‘தெரியாது’ என்று ஒன்று இருந்தது. ரோஜா எட்டிப் பார்த்தாள். “அதான், அதையே போடுங்க. எனக்குத் தூக்கம் வருது” என்றாள்.

போட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற வீடுகள் எல்லாம் பூட்டியிருந்தன. அந்த ஏரிக்கரையில் எங்கள் கணக்கில் விழுந்தது அந்த ஒரு வீடுதான். எங்கள் ஆய்வின்படி இப்போது அங்கே இருளர் யாரும் இல்லை.