நான் அவிழ்த்த ஐந்து முடிச்சுகள்

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடப்புசல்லாவைப் பக்கம் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையின் சுற்றாடல் கழகப் பிள்ளைகளை, தேயிலை மலைக்கு மேலே இருக்கும் காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஓடையோரம் குப்பை பொறுக்குவதுதான் வேலை. நான் ஹட்டன் டவுனில் வளர்ந்தவள். காட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? வழி நெடுகப் பிரசங்கம்தான்.

காட்டுக்குள் ஐந்து மரங்களில் சிவப்புப் பொலித்தீன் துண்டு கட்டியிருந்தது. மரத்திலுமா குப்பையைக் கட்டுவார்கள் என்று எரிச்சல் வந்தது. ஐந்தையும் என் கையாலேயே அவிழ்த்துச் சாக்கில் போட்டேன். தலையைத் தூக்கி மேலே பார்க்கத் தோன்றவேயில்லை. ஒரு மாணவி "டீச்சர், அது..." என்று இழுத்தாள். வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று அதட்டிவிட்டேன்.

வேலை முடிந்து காட்டோரத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த மாணவியின் அம்மா எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், என் வயதுதான் இருக்கும். சாக்கை எட்டிப் பார்த்தவரின் முகம் செத்துப்போயிற்று.

"டீச்சர், இத எங்கருந்து அவுத்தீங்க? குளவிக் கூடு இருக்க மரத்துக்கு நாங்க கட்டி வச்ச அடையாளங்க இது."

குளவி கொட்டி ஆள் செத்த கதையைக் கேட்காதவர் இந்த மலையில் யார்? அந்த அக்காவின் தங்கச்சி சற்று முன்புதான் விறகு வெட்ட மேலே போனாராம்.

பிள்ளைகளை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட வாயெடுத்தேன். சத்தம் போட்டால் குளவி கிளம்பிவிடும் என்று அக்கா என் கையை அழுத்தினார். எந்த மரம், எந்த மரம் என்று அவர் கேட்கக் கேட்க, எனக்கு எல்லா மரமும் ஒன்றாகவே தெரிந்தது. கடவுளே, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எங்கோ மரத்தில் கத்தி விழும் சத்தம் கேட்டது.

அதை வைத்துப் போனோம். தங்கச்சி ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையை வெட்டிக்கொண்டிருந்தார். மேலே, பனிக்குள் கறுப்பாக, பானை அளவு கூடு. அக்கா பேசாமல் கையால் மேலே காட்டினார். தங்கச்சி நிமிர்ந்து பார்த்தார். கத்தியை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வோர் அடியாக வைத்து எங்களிடம் வந்து சேர்ந்தார்.

ஓடை வரை இறங்கிய பிறகுதான் அவர் பேசினார்.

"துண்டு இல்லையேன்னு தைரியமா வெட்டுனேன். யாரு அக்கா அவுத்தது?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் என்று சொன்னேன்.

அன்றே தோட்டத்து ஆட்கள் நான்கு மரங்களைக் கண்டுபிடித்து, கிட்டப் போகாமல் சற்றுத் தள்ளித் துண்டு கட்டினார்கள். ஐந்தாவது மரம் எனக்கு ஞாபகம் வரவேயில்லை. கூட்டை யார் பார்த்தாலும் அவரே கட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். எல்லா மரமும் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், அந்தச் சரிவுக்கு யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்தப் பெண்கள் விறகுக்கு அடுத்த மலையைச் சுற்றிப் போகிறார்கள். என்னைக் கண்டால் "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்கிறார்கள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தலைச்சுமையோடு அவர்கள் என் வாசலைத் தாண்டும் ஒவ்வொரு ஞாயிறும், அந்தப் பிள்ளை "டீச்சர், அது..." என்று இழுத்தபோது ஒரு நிமிடம் வாயை மூடிக் கேட்டிருக்கலாமே என்று மனசு சுடுகிறது.