ஷாட்கன் என்றால் முன் சீட்

ஷாட்கன் என்றால் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட் என்றுதான் நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். கராஜ் கதவு திறந்ததும் என் மகள் "ஷாட்கன்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அந்த சீட்டைப் பிடித்துவிடுவாள், என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறுவாள். வேறு எந்த அர்த்தமும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அதனால் நியூ ஜெர்சியில் இந்த வீட்டை வாங்கும்போது, பின்னாலிருக்கும் காட்டில் மான் வேட்டைக்கு 'ஷாட்கன் ஒன்லி' என்று ஏஜென்ட் சொன்னதும் பரம நிம்மதி. வேட்டைக்காரர்கள் முன் சீட்டில் உட்கார்ந்தபடிதான் சுட வேண்டும் போலிருக்கிறது, அந்தக் காட்டிலோ கார் போக வழியே இல்லை, எவ்வளவு சாமர்த்தியமான சட்டம் என்று வியந்தபடி கையெழுத்துப் போட்டேன்.

குடிவந்த பிறகு, காட்டோரத்தில் 'ஷாட்கன் ஒன்லி' என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்து இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "அப்பா, இட்ஸ் அ கன்," என்றாள்.

சரி, கன். பழகிக்கொண்டேன். அப்புறம்தான், ஷாட்கன் மட்டும் இருக்கும் எங்கள் மாதிரி இடங்களில் மான் வேட்டைக்கு ரைஃபிளையும் அனுமதிக்கலாமா என்று டவுன்ஷிப்பில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கப் போவதாகத் தபால் வந்தது. படித்துப் பார்த்தேன். ஷாட்கன் குண்டு கனமானது, கொஞ்ச தூரத்தில் தணிந்துவிடும். ரைஃபிள் குண்டு அதைவிடப் பல மடங்கு தூரம் போகும். எங்கள் ஊரோ தோசைக்கல் மாதிரி தட்டை. காட்டுக்கும் எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே இருப்பது ஓர் அவரைப் பந்தல். அதையும் மான்கள் பாதி தின்றுவிட்டன.

உடனே நான் செய்தது இரண்டு காரியம். முதல் காரியம், கிரைண்டரைத் தூக்கி ஜன்னல் மேடையில் வைத்தேன். கல் அல்லவா, தாங்கும்.

"என்னங்க இது? மாவு ஆட்ட நான் ஸ்டூல் மேல ஏறணுமா?" என்றாள் மனைவி.

"குண்டு வந்தா?"

"வரட்டும். எதை வெச்சாவது அந்த மானுங்களை சுடச் சொல்லுங்க. என் அவரைக்காய் பொழச்சா போதும்."

இரண்டாவது காரியம் இன்னும் மோசம். எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் எச்சரிக்கை போட்டேன். நல்ல தமிழில் போட வேண்டும் என்ற வீம்பு. ஷாட்கனுக்கும் தமிழில் துப்பாக்கி, ரைஃபிளுக்கும் துப்பாக்கி. யோசிக்காமல் தட்டிவிட்டேன்: "தற்போது நம் பகுதியில் துப்பாக்கி மட்டுமே அனுமதி. இனி துப்பாக்கியும் அனுமதிக்கப்படலாம். விழித்துக்கொள்ளுங்கள்!"

"சார், காலங்காத்தாலயேவா?" என்று ஒருவர் கேட்டார். "ஃபார்வர்டா, சொந்த சரக்கா?" என்றார் இன்னொருவர். திருத்துகிறேன் பேர்வழி என்று 'சின்னத் துப்பாக்கி', 'பெரிய துப்பாக்கி' என்று பிரித்து எழுதினேன். மத்தியானத்துக்குள் பெரிய துப்பாக்கி மெஷின் கன் ஆகிவிட்டது. பார்க்கில் நடப்பதாக இருந்த தமிழ்ப் பள்ளி பிக்னிக்கை ரத்து செய்துவிட்டார்கள். புளியோதரைக்குச் சொல்லிவைத்தவர்கள் எனக்கு போன் செய்து திட்டினார்கள்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். திருநெல்வேலிக்காரர், எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பது வேலை. எங்கள் குழுவில் மான் வேட்டைக்குப் போகும் ஒரே ஆள் அவர்தான். நேரே சமையலறைக்கு வந்து நின்றார்.

"என்ன வே, ஜன்னல்ல கிரைண்டர் ஏறி உக்காந்திருக்கு?"

"பாதுகாப்புக்கு, டாக்டர்."

"என் குண்டுக்கா? மரத்து மேல பரண்ல உக்காந்து கீழ பாத்து சுடுதேன். தப்பினா மண்ணுக்குள்ள போவும், உம்ம சாம்பாருக்குள்ளயா வரும்?"

"அப்ப ஷாட்கன் போதாதா?"

அவர் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். போன வருடம் ஆபரேஷன் ஆன தோள். "ஷாட்கன் கழுதை மாதிரி உதைக்கும் வே. ஒரு தடவை வாங்கினா தச்சது பிரிஞ்சிரும். ரைஃபிள் அவ்வளவு உதைக்காது, குறியும் தப்பாது, மான் அரைகுறையா அடிபட்டு ஓடாது. ரைஃபிளுக்கு அனுமதி தரலைன்னா என் வேட்டை இதோட முடிஞ்சுது. நீரு என்னடான்னா மெஷின் கன்னுங்கீரு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பயந்துகொண்டிருப்பவனிடம் வந்து இப்படி நியாயமாகப் பேசினால் எப்படி? "நீங்க கீழ பாத்து சுடுவீங்க, டாக்டர். எல்லாரும் சுடுவாங்களா? சட்டம் உங்களுக்கு மட்டுமா போடுறாங்க?" என்றேன். அவர் என் மனைவி கொடுத்த காபியை முழுவதும் குடித்துவிட்டு, "கூட்டத்துக்கு உம்ம கார்லயே வாரேன். தோள் வலி, ஓட்ட முடியல," என்றார். எதிர்க்கட்சியை ஏற்றிக்கொண்டு போகும் பாக்கியம் எனக்கு.

கூட்டம் அதைவிட வதை. ரைஃபிளே வேண்டாம் என்றவர்களில் பாதிப் பேருக்கு வேட்டையே வேண்டாம். வேண்டும் என்றவர்களில் ஒருவர் ஷாட்கன் குண்டு தரையில் தட்டித் தெறிக்கும், அதுதான் அதிக ஆபத்து என்று சாதித்தார். அதுவரை ஷாட்கனை நம்பி நிம்மதியாக இருந்த எனக்கு அந்த நிம்மதியும் போயிற்று. டாக்டர் எழுந்து தோள் கதையைச் சுருக்கமாகச் சொன்னார், கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன். என் பின்னால் உட்கார்ந்திருந்த தமிழர்கள், நான் கூட்டி வந்தவர்கள், "ஏன் சார், நீங்க எந்த சைடு?" என்று முதுகில் குத்தினார்கள்.

என் முறை வந்தது. இரண்டு நாளாகத் தயார் செய்த பேச்சு மைக்கைப் பார்த்ததும் மறந்துபோனது. எங்கள் ஊர் தட்டை, வீடுகள் நெருக்கம், குண்டு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இங்கே ரைஃபிள் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அது நான் இன்றைக்கும் நம்புவதுதான். டாக்டர் முகத்தைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தேன்.

வெளியே வந்தபோது இருட்டிக்கொண்டிருந்தது. கார் காட்டோர ரோட்டில் போகும்போது டாக்டர் தோளைப் பிடித்துக்கொண்டே, "நல்லாத்தான் பேசுனீரு. என் சோலிய முடிச்சிட்டீரு," என்றார். பதில் சொல்ல அவர் பக்கம் திரும்பினேன்.

"ரோட்டைப் பாரும் வே!" என்று கத்தினார்.

அந்த வருடம் எங்கள் பகுதியில் ரைஃபிளை அனுமதிக்கவில்லை. டாக்டர் வேட்டைக்குப் போகவில்லை. கிரைண்டர் கீழே இறங்கிவிட்டது. அந்த சீசனில் எங்கள் காட்டோரத்தில் எனக்குத் தெரிந்து செத்தது ஒரே ஒரு மான். அதை என் கார்தான் இடித்தது. டாக்டர் முன் சீட்டில் இருந்தார்.