திருமதி கரிசலும் பரிசோதனை வண்டியும்

காலை ஏழு பத்துக்குக் கோவில்பட்டியில் வீட்டை விட்டுக் கிளம்பினோம். நான், என் மனைவி கஸ்தூரி, வாடகைக் காரின் டிரைவர் மாடசாமி, ஒரு கிரீடம். கிரீடம், ஐந்து லிட்டர் குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள், பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு என் மடியில் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் மடியில் பேரனை வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். கிரீடம் வைத்திருக்கிறவர் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் முன்பு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஓர் அழகிப் போட்டி நடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தான் கலந்துகொள்ளப் போவதாகவும், துணைக்கு வேண்டும் என்றும் கஸ்தூரியைக் கூட்டிப் போனாள். துணைக்குப் போனவள் 'திருமதி கரிசல்' ஆகித் திரும்பினாள். கூட்டிப் போனவள் இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் தலை திருப்புவதில்லை. பட்டத்தோடு ஓராண்டுக்குச் சமூக சேவையும் வந்தது. இதுவரை இரண்டு பியூட்டி பார்லர்களைத் திறந்துவைத்திருக்கிறாள். ஒரு கோலப்போட்டிக்கு நடுவராகப் போய் ஒரு தெரு முழுவதையும் பகைத்துக்கொண்டாள். ஒரே வேப்பங்கன்றை மூன்று கோணத்தில் நட்டாள். பெட்டி தூக்குவதும் போட்டோ எடுப்பதும் என் வேலை. ஜனங்கள் முதலில் அவளைப் பார்ப்பார்கள், அடுத்து கணவன் என்று என்னைப் பார்ப்பார்கள், பிறகு நாகரிகம் கருதி வேறெங்காவது பார்ப்பார்கள்.

அந்த மாசிச் சனிக்கிழமையின் வேலை அப்படிப்பட்டதல்ல. ஓர் அறக்கட்டளையின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி, பஸ் அளவுக்கு, உள்ளே எக்ஸ்ரே மாதிரிப் படம் எடுக்கிற மிஷினோடு, இடைசெவல், புதியம்புத்தூர், குளத்தூர் என்று மூன்று ஊருக்குப் போகிறது. வண்டி வந்தால் பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்களே தவிர ஏறுவதில்லை. ஏறச் சொல்வதற்குக் கஸ்தூரி.

இதில்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கஸ்தூரியின் அக்காள் ராஜபாளையத்தில் இதே நோயில்தான் நான்கு வருடம் முன்பு இறந்துபோனாள். கூடப் பிறந்தவள் கட்டாயம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். பொங்கல் கழியட்டும் என்றாள் கஸ்தூரி. நான்கு பொங்கல் கழிந்துவிட்டது. நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை கேட்டபோது அவள் பாத்திரம் கழுவிய சத்தத்தில் மூன்றாவது முறை கேட்கிற உத்தேசத்தைக் கைவிட்டேன். இப்போது நாள் முழுவதும் அந்த வண்டியின் வாசலிலேயே நிற்கப்போகிறாள். ஏறுவாளா, மாட்டாளா? கேட்கத் தைரியம் இல்லாததால் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"பெட்டிய விடுங்க, பிஞ்சிரப் போகுது" என்றாள்.

ஏழு முப்பத்தைந்துக்கு இடைசெவல். வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டர். வெயில் ஏறும் முன்னால் பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியும் கையுமாக வண்டியருகே நின்றார்கள். கஸ்தூரி தோளில் பட்டம் எழுதிய பட்டையைப் போட்டு, கிரீடத்தை வைத்துக்கொண்டாள். அதன் கல்லெல்லாம் அசலா என்று கேட்டார்கள். கண்ணாடிதான் என்று கஸ்தூரி ஒளிக்காமல் சொன்னாள். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பிரியத்தில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க எடுத்துப் பாத்தியளா?"

"எடுத்தாச்சு. அஞ்சு நிமிசம். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

அந்தக் கணத்தில் நான் எடுத்த போட்டோவில் எல்லாரும் இரண்டிரண்டாகத் தெரிகிறார்கள். ஒன்பது பெண்கள் ஏறினார்கள். கஸ்தூரி படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தியையும் கைபிடித்து ஏற்றிவிட்டாள். அவளுடைய கால் முதல் படியைக்கூடத் தொடவில்லை.

வந்த வழியே கோவில்பட்டிக்குத் திரும்பி, எட்டயபுரம் சாலையைப் பிடித்தோம். மாடசாமிக்கு மனம் நிறைந்திருந்தது. "தானே எடுத்திருக்கதனாலதான் அக்கா தைரியமாச் சொல்லுதாவ. எங்க வீட்லயும் ஒருத்தி இருக்காளே அண்ணாச்சி, ஊசின்னாலே ஊரத் தாண்டிருவா" என்றார். கஸ்தூரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெடித்துக் கிடக்கும் கரிசல், எடுத்து முடியாத பருத்தி, சீமைக்கருவேலம், தூரத்தில் சாவகாசமாகச் சுற்றும் காற்றாலைகள். நான் காற்றாலைகளை எண்ணினேன். நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.

எட்டயபுரத்தில் டீ பதினைந்து ரூபாய், உளுந்தவடை பத்து. அங்கே போட்டி நடத்தியவர்களிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. போகிற வழியில் எப்போதும்வென்றான் என்ற ஊரின் பெயர்ப்பலகைக்குக் கீழே, கிரீடத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம், நல்ல கருத்தாக இருக்குமாம். அந்த ஊர் வந்தபோது மாடசாமி வேகத்தைக் குறைத்தார். நிறுத்த வேண்டாம் என்று கஸ்தூரி சொன்னாள். தோற்றுக்கொண்டே போகிறவர்களின் வேகத்தில் அந்தப் பலகையைக் கடந்தோம்.

பதினொன்றே கால். புதியம்புத்தூர். எங்கள் காரின் மீட்டரின்படி கோவில்பட்டியிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஊர் முழுக்கத் தையல் மிஷின்களின் இரைச்சல். வீட்டுக்குள், மாடியில், கொட்டகையில் எல்லாம் பாவாடை, சட்டை, பிள்ளைகளின் கவுன் மூட்டைமூட்டையாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து போனால் அந்த நேரம் நஷ்டம். ஆகவே மூன்று மூன்று பேராக அனுப்புவதாக மேற்பார்வை அம்மாள் ஒப்புக்கொண்டார். கஸ்தூரி மிஷின்களுக்கு நடுவே நின்று பேசினாள். இந்த முறை யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், போன வருடம் எடுத்தேன், தூத்துக்குடியில் எடுத்தேன் என்று. காலையில் பிறந்த பொய்க்கு மதியத்துக்குள் வயதும் ஊரும் வந்துவிட்டன.

நான் வெளியே வந்து அந்தத் தெருவின் கடைப் பலகைகளை ஒன்று விடாமல் வாசித்தேன். முடிந்ததும் எதிர் வரிசையைத் தொடங்கினேன்.

சாப்பாடு அளவுச் சாப்பாடு, தொண்ணூறு ரூபாய். "கஸ்தூரி, வண்டி இப்ப சும்மாத்தான் நிக்குது" என்றேன். நான்கு வருடத்தில் இது மூன்றாவது முறை.

"சாம்பார ஊத்திக்கிடுங்க, ஆறிப்போகும்" என்றாள்.

குளத்தூர் போய்ச் சேரும்போது மூன்று பத்து. கடல் கிட்டத்தில் இருக்கிறது என்பது காற்றின் பிசுபிசுப்பில் தெரிந்தது. விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய் மதியம் திரும்பி, குளித்து, தலை ஈரம் காயாமல் வந்திருந்த பெண்கள் முப்பது பேர் இருப்பார்கள். காலையிலிருந்து பார்த்ததில் இதுதான் பெரிய கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவதற்கு வரிசையாகவே நின்றுவிட்டார்கள். வரிசையின் தலையில் சண்முகக்கனி என்கிற பெண். கஸ்தூரியின் வயதுதான் இருக்கும். நின்ற நிலையில் ஒரு தலைமை இருந்தது. அவள் போனால் மற்றவர்களும் போவார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

கஸ்தூரி தன் வழக்கமான பேச்சைப் பேசினாள். எடுத்தாச்சு, அஞ்சு நிமிசம், வலிக்காது.

"எல்லாஞ் சரிக்கா" என்றாள் சண்முகக்கனி. "தாலியக் கழத்தணுமா?"

இதை யாரும் இதுவரை கேட்டிருக்கவில்லை. கஸ்தூரி ஒரு விநாடி தடுமாறினாள். பிறகு, ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுக்கும்போது சொல்வார்களே, அந்த ஞாபகத்தில், "ஆமா, கழட்டிரணும். உலோகம் இருக்கக் கூடாதுல்லா" என்றாள்.

வரிசை கலைந்தது. யாரும் கோபப்படவில்லை, வாதாடவில்லை. ஒருத்திக்கு அடுப்பு ஞாபகம் வந்தது, ஒருத்திக்கு ஆடு. இரண்டு நிமிடத்தில் சண்முகக்கனி மட்டும் நின்றாள். அந்தச் சந்தடியில் வண்டிக்குள்ளிருந்து படம் எடுக்கிற சிஸ்டர் எட்டிப் பார்த்தார். விஷயம் கேட்டதும் படியில் இறங்கி வந்து, "யாரு சொன்னா கழட்டணும்னு? முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாப் போதும். காலையில இருந்து எல்லாரும் அப்படித்தான எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். எல்லாக் கண்ணும் கஸ்தூரி மேல். அந்தத் தாலியைக் கட்டியவன் என்ற முறையில் எனக்கும் ஏதோ பொறுப்பு இருப்பதாகப்பட்டது. ஆனால் என்ன செய்ய? பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சண்முகக்கனி சத்தம் போடவில்லை. "நீங்க எடுக்கல" என்றாள். "எனக்கு மொதல்லயே சந்தேகந்தான். புள்ள பெத்தவகிட்டப் போயி கேளுங்க, வலி எங்கன பிடிச்சுது, எப்படிப் பிடிச்சுதுன்னு ஒரு மணி நேரஞ் சொல்லுவா. நீங்க வலிக்காதுன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டிய."

கஸ்தூரியின் முகத்தில் கருப்பு மண்ணைப் போல ஒரு நிறம் வந்து போனது. சமாளிப்பாள் என்று நினைத்தேன். "ஆமா, எடுக்கல" என்றாள். "எங்கக்கா இதுலதான் போனா. பயம்."

சண்முகக்கனி வண்டியின் படியைக் கையால் காட்டினாள். "அப்ப மொதல்ல நீங்க ஏறுங்க. வந்து சொல்லுங்க. நாங்க எங்கயும் போகல, இங்கனதான் உக்காந்திருக்கோம்." சொன்னபடியே மண்ணில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

கஸ்தூரி கிரீடத்தைக் கழற்றினாள். கொண்டையூசி ஒன்று சிக்கி, இரண்டு முடியோடு வந்தது. பட்டையையும் கிரீடத்தையும் என்னிடம் நீட்டினாள். பெட்டி என் கையில் இருந்ததால் நான் பிடிப்பதற்குள் கிரீடம் சண்முகக்கனியின் மடியில் விழுந்தது. கஸ்தூரி அதை எடுக்கவில்லை. ஏறிவிட்டாள்.

மூன்று ஐம்பதிலிருந்து நான்கு பதினைந்து வரை நான் அந்த வண்டியை எத்தனை தடவை சுற்றினேன் என்று மாடசாமியைத்தான் கேட்க வேண்டும். பெண்கள் என்னை மறந்துவிட்டார்கள். கிரீடம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போய்க்கொண்டிருந்தது. உப்பில் வெடித்த விரல்கள் அதை நேராக வைத்துப் பார்த்தன. ஒருத்தி, ஏட்டி, ஒன் மண்டைக்கு இது பத்தாது என்றாள். சண்முகக்கனி வைத்திருந்தபோது ஒரு படம் எடுத்துப் போட்டிக்காரர்களுக்கு அனுப்பினேன். இது யார் என்று உடனே பதில் வந்தது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கஸ்தூரி வெளியே வந்தாள். நான் இரண்டடி வைப்பதற்குள் நேரே பெண்களிடம் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் ஆகவில்லை, இருபது நிமிடம் பேசினாள். மிஷின் சில்லென்று இருக்கும். நின்றுகொண்டுதான். வலப் பக்கம் முதலில். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்குவார்கள், சப்பாத்தி மாவைப் போல. வலிக்கும், பத்து எண்ணும் வரை வலிக்கும், நான் ஏழில் கத்திவிட்டேன், சிஸ்டர் சிரித்துவிட்டார். பெண்கள் சிரித்தார்கள். சண்முகக்கனி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். அன்று சாயங்காலம் அங்கே இருபத்திரண்டு பேர் ஏறினார்கள். கடைசி ஆள் இறங்கும்போது இரவு எட்டு பத்து.

விளாத்திகுளம் தாண்டியபோதுதான் சொன்னாள். "இடது பக்கம் ஒரு இடம் தெளிவா விழலையாம். திங்கக்கிழமை தூத்துக்குடிக்கு வந்து பெரிய மிஷின்ல எடுக்கச் சொன்னாவ. நெறையப் பேருக்கு அப்படிச் சொல்றதுதானாம்."

எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருக்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். "அக்காவுக்கும் இடது பக்கமா?" என்றேன்.

"வலது" என்றாள். நான்கு வருடத்தில் அதைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. மாடசாமி காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

இதை எழுதும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை. குளத்தூரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கோவில்பட்டியில் காற்று உலர்ந்து, லேசாக இருக்கிறது. அதைத் தவிர எங்கள் வீட்டில் எதுவும் லேசாக இல்லை. நாளைக் காலை ஆறே முக்காலுக்குக் கார். நான் முன்னறையில் நடக்கிறேன், உட்காருகிறேன், இரண்டு வரி எழுதுகிறேன், நடக்கிறேன். அடுக்களையில் கஸ்தூரி ராஜபாளையத்துக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறாள். அக்காள் மகள் இரண்டு பேர், இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிறது. எந்தப் பக்கம் முதலில், எவ்வளவு நேரம், எங்கே வலிக்கும் என்று எதையும் விடவில்லை. மறுமுனையில் ஏதோ கேட்கிறார்கள்.

"ஏட்டி, அதெல்லாம் கழட்ட வேண்டாம்" என்கிறாள். "முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கிடு."